“வெறும் கேஸ்தான், ஐயா!”



சென்ற இதழில் சர்க்கரை வியாதியைக் குறித்து வெளிவந்த கட்டுரையை வாசித்த அநேகர், நெஞ்செரிச்சலைக் குறித்தும் எழுதும்படி கடிதம் மூலமாகவும் தொலைபேசியிலும் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்ல. இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு, மருத்துவமனை வார்டுகளில் ஊழியம் செய்கிறவன். ஆனாலும் மாலை வேளைகளில் கட்டில் கட்டிலாகப் போய் ஜெபிக்கிறவனிடம் வியாதியஸ்தர் சொல்லுகிற சில காரியங்கள், காலையில் ரவுண்ட்ஸ் வருகிற டாக்டரிடம் சொல்லப்படுவதில்லை. அவற்றில் முதலிடம் இந்த நெஞ்செரிச்சலுக்குத்தான். கால் புண்ணுக்காகவோ கண்புரைக்காகவோ வந்து படுத்திருப்பவர், “ராத்திரி படுத்தா நெஞ்சு எரியுது, புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருது. வெறும் கேஸ்தான், ஐயா. இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லணுமா?” என்று கேட்பார். சொல்லத்தான் வேண்டும். ஏன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை. இதிலுள்ள மருத்துவக் காரியங்களை நம்முடைய மருத்துவர்கள் வாசித்துப் பார்த்த பின்பே அச்சுக்குக் கொடுத்திருக்கிறோம்.

எரிவது எது?

நெஞ்செரிச்சல் என்று சொன்னாலும் எரிவது இருதயம் அல்ல. வாயிலிருந்து இரைப்பைக்கு ஆகாரத்தைக் கொண்டுபோகிற உணவுக்குழாய், மார்பின் நடுவே, இருதயத்துக்குப் பின்புறமாக, ஏறக்குறைய 10 அங்குல நீளத்துக்கு இறங்குகிறது. எரிவது அந்தக் குழாயின் உட்சுவர்.

நம்முடைய இரைப்பை ஒரு நாளில் 1½ முதல் 2 லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் “தொடாதே” என்று எழுதி ஒட்டிய கண்ணாடிப் புட்டியில் இருக்கும் அதே அமிலம். ஆகாரத்தைப் பக்குவப்படுத்தவும், அதோடு உள்ளே போகிற கிருமிகளைக் கொல்லவும் அது தேவை. சிருஷ்டிகர் இரைப்பையின் உட்சுவருக்கு வழுவழுப்பான ஒரு பூச்சைக் கொடுத்திருப்பதால் அந்த அமிலம் இரைப்பையைத் தின்றுவிடுவதில்லை. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்குப் பதிலாக, இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாயைக் கயிற்றால் இழுத்து மூடுவதுபோல அது மூடிக்கொள்ளும். நாம் விழுங்கும்போது மட்டும் திறந்து வழிவிடும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் வெளியிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு உதவி செய்கிறது.

அந்தச் சுருக்கு வேண்டாத நேரத்தில் தளர்ந்தால், அல்லது வயிற்றின் உள் அழுத்தம் அதிகமானால், அமிலம் மேலே ஏறும். சிலருக்கு உதரவிதானத்தின் துவாரம் விரிந்து, இரைப்பையின் மேற்பகுதியே மார்புக்குள் கொஞ்சம் ஏறிவிடுவதுண்டு. அதை ஹையாட்டஸ் ஹெர்னியா என்பார்கள்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். அமிலம் அதிகமாகச் சுரப்பதால்தான் நெஞ்செரிச்சல் வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலோருக்கு அமிலம் சாதாரண அளவில்தான் சுரக்கிறது. இருக்க வேண்டிய இடத்தைவிட்டு ஏறி வருவதுதான் தொந்தரவு. இது புரிந்துவிட்டால், மாத்திரையைவிட முதலில் கட்டிலையும் கடிகாரத்தையும் கவனிக்கும்படி டாக்டர்கள் ஏன் சொல்லுகிறார்கள் என்பதும் புரியும்.

எப்போதாவது ஒரு முறை இப்படி ஏறுவது எல்லாருக்கும் உள்ளதே; அதை வியாதி என்று சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்தால், அல்லது தூக்கத்தைக் கெடுத்தால் சிகிச்சை தேவை. எரிச்சலே இல்லாமல் வேறு வேஷத்திலும் இது வரும்: தீராத வறட்டு இருமல், காலையில் குரல் கம்மல், பற்களின் பின்புறம் அரித்துப்போதல். குரலை வைத்து ஊழியம் செய்கிற போதகர்களும், பாடகர் குழுவில் பாடுகிறவர்களும் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இருதயமாக இருந்தால்?

தமிழில் நெஞ்சு என்ற ஒரே வார்த்தை மார்பையும் குறிக்கிறது, இருதயத்தையும் குறிக்கிறது. இந்த மயக்கத்தால் உயிர்கள் போகின்றன. நெஞ்செரிச்சல்காரர் மாரடைப்பு என்று பயந்து ஓடி வருவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மாரடைப்பு வந்தவர் கேஸ் என்று வீட்டிலிருப்பதுதான் ஆபத்து.

ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் ஓர் இரவு 11 மணிக்கு மார்பு அடைப்பதுபோல இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். அன்று சபையில் அசனம் நடந்திருந்தது. ஆகவே வீட்டார் எல்லாரும் காரணம் தெரிந்ததாகவே நினைத்தார்கள். முதலில் ஓமவாட்டர், பின்பு சோடா, அதன்பின் ஈனோ. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏப்பம் வந்தது, கொஞ்சம் இலேசானது போலவும் இருந்தது. விடியற்காலம் 5 மணிக்கு வியர்த்துக் கொட்டிய பிறகே ஆட்டோ பிடித்தார்கள். ஈ.சி.ஜி. எடுத்தவுடன் மாரடைப்பு என்று தெரிந்தது. கர்த்தருடைய கிருபையால் பிழைத்தார். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தில் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிற்று. முன்பு சைக்கிளில் மூன்று கிராமங்களுக்குப் போய் வந்தவர், இன்றைக்கு ஆலயப் படிகளில் இரண்டு முறை நின்று ஏறுகிறார்.

நெஞ்செரிச்சல் பெரும்பாலும் சாப்பிட்ட பின்போ, குனியும்போதோ, படுக்கும்போதோ வரும். கீழிருந்து மேலே ஏறுகிற எரிவாக இருக்கும். வாயில் புளிப்பு தட்டும். இருதய வலி பாரம் வைத்து அழுத்துவதுபோல, கயிறு கட்டி இறுக்குவதுபோல இருக்கும். தோள், இடது கை, தாடை, முதுகு என்று பரவலாம். வியர்வையும் மூச்சுத்திணறலும் சேரலாம். நடந்தால் கூடி, நின்றால் குறையலாம். இவை பொதுவான அடையாளங்களே. சர்க்கரை வியாதி உள்ளவர்கள், முதியோர், பெண்கள் ஆகியோருக்கு மாரடைப்பு வெறும் வயிற்றுக் கோளாறு போலவே வருவதுண்டு. சோடா குடித்து ஏப்பம் வந்ததனால், ஜெலுசில் குடித்துக் குறைந்ததனால் அது இருதயம் அல்ல என்று தீர்மானிக்க முடியாது. அனுபவமுள்ள டாக்டரே ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் சொல்லமாட்டார். வழக்கமில்லாத நெஞ்சுவலி, வியர்வை, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். நடுச்சாமத்தில் டாக்டரைத் தொந்தரவு செய்யலாமா என்று யோசிக்க வேண்டாம். அந்தத் தொந்தரவுக்காகவே டியூட்டி டாக்டர் விழித்திருக்கிறார்.

கர்ப்பவதிகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. கடைசி மாதங்களில் நெஞ்செரிச்சல் சகஜம். பிரசவத்தோடு அது போய்விடும். ஆனால் மேல் வயிற்றில் கடுமையான வலி, தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கைகளிலும் வீக்கம் இவை சேர்ந்தால் அது கேஸ் அல்ல. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். அந்த மணி நேரமே கொண்டுவர வேண்டும்.

எல்லாம் அல்சர் அல்ல

நம்முடைய பக்கத்தில் வயிற்றில் எது வந்தாலும் அல்சர் என்று சொல்லுகிற பழக்கம் இருக்கிறது. அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. தென்னிந்தியாவில் குடற்புண் ஒரு காலத்தில் மிக அதிகம். எவரெஸ்ட் சிகரத்தின் மேல் 1922-லும் 1924-லும் ஏறப் போன குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல், முதல் பயணம் முடிந்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையைப் பார்க்க வந்தவர், அங்கே காத்திருந்த வியாதியஸ்தரின் கூட்டத்தைக் கண்டு, இங்கிலாந்தில் தமக்கிருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு அங்கேயே ஊழியத்துக்கு வந்துவிட்டார். நெய்யூரில் அவர் செய்த ஆபரேஷன்களில் பெரும் பங்கு இந்தக் குடற்புண்களுக்கானவை. பிற்பாடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்தார். இன்றைக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து முதியோர் அவருடைய பெயரை மரியாதையோடு சொல்லுவார்கள்.

அவர் கத்தி எடுத்துச் செய்ததை இன்று மாத்திரை செய்கிறது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள், பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்று கண்டறியும் வழியைத் திறந்தார்கள். முதலில் யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் கிருமி ஒழிந்து புண் ஆறிவிடும்.

ஆனால் அமிலம் மேலேறுவது வேறு வியாதி. கிருமியைக் கொன்றாலும் தளர்ந்த சுருக்கு இறுகிவிடாது. “பத்து வருஷமா அல்சர்” என்று சொல்லுகிற அநேகருக்கு எண்டாஸ்கோப்பி செய்து பார்த்தால் புண்ணே இருப்பதில்லை. பெயர் தவறாக இருப்பதால் பத்தியமும் தவறாகிவிடுகிறது. மூன்று மணிக்கொருதரம் ஏதாவது சாப்பிட வேண்டும் என்று எண்ணிப் படுக்கைக்குப் போகும்போது ஒரு டம்ளர் பாலும் பிஸ்கட்டும் எடுத்துக்கொள்வார்கள். எரிச்சல் வருவதற்கு அதைவிட ஏற்ற வழி இல்லை. பால் இறங்கும்போது குளிர்ச்சியாக இருக்கும். பின்பு அதுவே அமிலத்தைச் சுரக்கச் செய்யும்.

கட்டிலும் கடிகாரமும்

நல்ல பலன் தருவது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லுகிறவை சிலவே. அவற்றில் முதலாவது, இரவு ஆகாரத்துக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் இடைவெளி. சொல்லுவது எளிது. நம்முடைய வீடுகளில் இரவு 9½ மணிக்குக் குடும்ப ஜெபம், 10 மணிக்குச் சாப்பாடு, 10½ மணிக்குப் படுக்கை. கன்வென்ஷன் நாட்களிலோ கூட்டம் முடிவதே 9½ மணிக்கு. அதன்பின் கடை வீதியில் பரோட்டாவும் சால்னாவும். எண்ணெயும் கொழுப்பும் உள்ள ஆகாரம் இரைப்பையை விட்டு இறங்க அதிக நேரம் எடுக்கும். நிறைந்த பையைப் படுக்க வைத்தால் வாய் வழியாகத்தானே ஊற்றும்? நம் மருத்துவமனையில் மாலை 6½ மணிக்கே இரவுச் சாப்பாடு கொடுத்துவிடுகிறார்கள் என்று பார்வையாளர்கள் குறைசொல்லுவதுண்டு. சமையலறை ஊழியர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக என்று நினைக்கிறார்கள். அது அவர்களுக்கும் வசதிதான், வியாதியஸ்தருக்கோ மருந்து.

(எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாரே, தேவதூதன் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு வாலிபன் என்னிடம் கேட்டான். எலியா ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்தில் நடந்து, சாகவேண்டும் என்று கேட்கிற அளவுக்குச் சோர்ந்திருந்தவர். அவர் சாப்பிட்டது பரோட்டாவும் அல்ல.)

இரண்டாவது, கட்டிலின் தலைப்பக்கத்தை 6 முதல் 8 அங்குலம் உயர்த்துவது. தலைமாட்டுக் கால்கள் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு செங்கல்களைப் படுக்க வைத்தால் 6 அங்குலம் வந்துவிடும். செங்கல் வழுக்காதபடி, கட்டில் கால் பதிய நடுவில் குழி வெட்டிய மரக்கட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. எந்தத் தச்சரும் செய்து கொடுப்பார். தலையணைமேல் தலையணை அடுக்குவது இதற்கு ஈடாகாது. அப்படிப் படுத்தால் உடம்பு இடுப்பில் மடங்கி, வயிறு நசுங்கி, அமிலம் இன்னும் அதிகமாக ஏறும். உயர வேண்டியது தலை மாத்திரமல்ல, இடுப்புக்கு மேலே உடம்பு முழுவதும். பாயில் படுக்கிறவர்கள் ஒரு பலகையின் தலைமுனையைச் செங்கல்மேல் வைத்துச் சரிவாக்கி அதன்மேல் பாயையும் ஜமுக்காளத்தையும் விரிக்கலாம்.

இரவில் ஏறுகிற அமிலம் பகலில் ஏறுவதைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. விழித்திருக்கும்போது நாம் அடிக்கடி உமிழ்நீரை விழுங்குகிறோம். அதில் அமிலத்தை முறிக்கிற காரத்தன்மை உண்டு. தூக்கத்தில் உமிழ்நீரும் குறைகிறது, விழுங்குவதும் நின்றுபோகிறது. ஏறிய அமிலம் அங்கேயே தங்கி வேலை செய்கிறது. ஆகவேதான் கட்டிலுக்கு இத்தனை வரிகள். இடது பக்கமாகச் சாய்ந்து படுப்பதும் உதவி செய்யும். இரைப்பையின் பெரிய பாகம் இடது பக்கம் இருப்பதால், அப்படிப் படுக்கும்போது அமிலம் குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும்.

மூன்றாவது, உடம்பின் எடை. வயிறு முன்னே வந்தவர்கள் கொஞ்சம் எடை குறைத்தாலே வித்தியாசம் தெரியும். அதோடு, உள்பாவாடை நாடாவை இடுப்பு தழும்பேறும்படி இறுக்கிக் கட்டுகிற சகோதரிகளும், தொந்திக்குக் கீழே பெல்ட்டை இழுத்துப் போடுகிற சகோதரர்களும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடுகிற புகையிலை இவை யாவும் அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்துகின்றன. மதுவும் அப்படியே. பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் 5-ஆம் அதிகாரத்தை என்னிடம் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்துகிறவர்கள் உண்டு. தீமோத்தேயுவுக்கு இருந்தது நெஞ்செரிச்சல் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

ஆகாரத்தைப் பொறுத்தவரை நீண்ட தடைப்பட்டியல் தேவையில்லை என்றே இன்றைய மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். ஒருவருக்குப் புளிக்குழம்பு ஒத்துக்கொள்ளாது, இன்னொருவருக்கு வெறும் வயிற்றில் குடிக்கும் காபி, வேறொருவருக்குத் தக்காளி. இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டோம், எப்போது எரிந்தது என்று குறித்துப் பார்த்தால் உங்களுடைய எதிரி யார் என்று தெரிந்துவிடும். அதை மாத்திரம் விட்டுவிடுங்கள். பயத்தினால் மாதக்கணக்காக மோர்சாதம் தவிர வேறொன்றும் தொடாமல், இரத்தசோகையோடு வந்து படுத்த தாய்மாரை நம் வார்டிலே பார்த்திருக்கிறேன். சோடா குடித்தால் ஏப்பம் வரும்; அந்த ஏப்பத்தோடு அமிலமும் வரும். புதினா வயிற்றுக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அது சுருக்கைத் தளர்த்தக்கூடியது என்பதால் நெஞ்செரிச்சல்காரர் சிலருக்கு ஆகாது.

உபவாசம் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். உபவாசத்தைவிட அது முடிகிற வேளைதான் பெரும்பாலும் தொந்தரவு. நாள் முழுவதும் காலியாக இருந்த வயிற்றில் மாலையில் பிரியாணியை நிரப்பாமல் கஞ்சியில் ஆரம்பித்தால் போதும். சர்க்கரை வியாதிக்கு மருந்தெடுப்பவர்கள் லெந்து நாட்கள் தொடங்கும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரைகளைப் பற்றி

ஜெலுசில், டைஜீன் போன்றவை ஏறிய அமிலத்தை அப்போதைக்கு முறிப்பவை. சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது எரிகிறவர்களுக்கு அவை போதும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அவற்றோடு இதைச் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த மருந்துகள் உடம்பில் சேராது; சில மணி நேர இடைவெளி வேண்டும்.

அடுத்தது அமிலச் சுரப்பையே குறைக்கிற மருந்துகள். 1976-ல் சிமெடிடின் வந்தது. அதன் வழியில் வந்த ரானிடிடின் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்தது. 2019-ல் அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஓர் அசுத்தம் கண்டுபிடிக்கப்பட்டு, 2020-ல் அமெரிக்காவில் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2022-ல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வீட்டு டப்பாவில் பழைய அட்டை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

1988-ல் வந்த ஒமிபிரசோலும் அதன் இனத்தைச் சேர்ந்த பான்டோபிரசோல் போன்றவையும்தான் இன்று முதன்மையானவை. இவற்றைச் சரியான நேரத்தில் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் பேரே. இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கிற நுண்ணிய பம்புகள் நாம் சாப்பிடத் தொடங்கும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்து நிறுத்தும். ஆகவே காலை ஆகாரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு, வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டால் பாதி பலன் போய்விடும். வலி வந்தபின் விழுங்கினால் அப்போதைக்குப் பிரயோஜனம் இல்லை.

சாதாரணமாக 4 முதல் 8 வாரம் கொடுத்துவிட்டு டாக்டர் மறுபடியும் பார்ப்பார். ஆனால் நடப்பது என்ன? ஒரு முறை எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் ஐந்து வருஷம் வாங்குகிறார்கள். நீண்ட காலம் சாப்பிடும்போது பி12 வைட்டமினும் மக்னீசியமும் குறையலாம். குடலில் தொற்று வரும் வாய்ப்பு கூடலாம். முதியோருக்கு எலும்பு முறிவு கொஞ்சம் அதிகம் என்றும் காணப்பட்டிருக்கிறது. டோம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தும் சேர்ந்த காப்ஸ்யூல்களை அநேகர் சாதாரணமாக வாங்கி விழுங்குகிறார்கள். இருதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். இதை வாசித்துவிட்டு நாளைக்கே மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளால் இரத்தக்கசிவு வராமலிருக்க இதைக் கொடுத்திருந்தால், நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். சிலருக்கு ஆயுள் முழுவதும் தேவைப்படவும் செய்யும். தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். எழுப்புதல் கூட்டத்தில் ஜெபித்துக்கொண்டபின் மாத்திரையை எறிந்துவிட்டு வந்த ஒருவரிடம், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல என்று விளக்க எனக்கு இரண்டு மாலை வேளைகள் ஆயிற்று.

இன்னொன்று. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் தாமாக வாங்கிச் சாப்பிடுகிற வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். எந்த மாத்திரையையும் படுத்துக்கொண்டே ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கக் கூடாது. அது குழாயில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை வேகவைத்துவிடும். நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

விழுங்கும்போது தடை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பற்றி, அவருடைய வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஒன்பது வருஷமாக அவருக்கு நெஞ்செரிச்சல். மேஜைமேல் இளஞ்சிவப்பு மருந்துப் புட்டி எப்போதும் இருக்கும். ஒரு கட்டத்தில் எரிச்சல் தானாகவே குறைந்துவிட்டது. ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்தார். சில மாதங்களுக்குப்பின் இட்லியை விழுங்கத் தண்ணீர் தேவைப்பட்டது. பின்பு சோறு இறங்கவில்லை. குழைத்துச் சாப்பிட்டார். அதன்பின் கஞ்சி மாத்திரம். வயதானால் இப்படித்தான் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பம்பாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன், தகப்பனாரின் சட்டை தோளில் தொங்குவதைப் பார்த்து நம்மிடம் அழைத்து வந்தான். எண்டாஸ்கோப்பியில் உணவுக்குழாயின் கீழ்முனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைக்கு எட்டாத நிலை. கஞ்சியாவது இறங்கும்படி உள்ளே ஒரு குழல் வைத்தார்கள். ஏழு மாதம் இருந்தார்.

பல வருஷங்களாக அமிலத்தில் நனைந்த உட்சுவர் தன் தன்மையை மாற்றிக்கொள்வதுண்டு. அதைப் பாரெட் உணவுக்குழாய் என்பார்கள். மாறிய சுவருக்கு அமிலம் முன்போல உறைப்பதில்லை, எரிச்சல் குறையும். அவருக்குக் குறைந்தது குணமானதால் அல்ல. நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் வருகிறது என்பதை அழுத்திச் சொல்லுகிறேன். யாரும் பயந்து தூக்கத்தை இழக்க வேண்டாம். ஆனால் விழுங்கும்போது தடை, காரணமில்லாமல் எடை குறைதல், இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், இரத்தசோகை, ஓயாத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக் கடைக்கல்ல, மருத்துவமனைக்கு வர வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தபின் புதிதாக இந்தத் தொந்தரவு தொடங்கினாலும் அப்படியே.

அவர் ஒரு மாலை என்னிடம், “நான் என்ன தப்பு செஞ்சேன், ஐயா? பீடிகூடத் தொட்டதில்லையே” என்று கேட்டார். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்ட கேள்வியும் அதுதான். ஆண்டவர் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, வாத்தியாருக்கே உரிய குரலில், “அப்ப மத்தவங்களுக்காவது சொல்லிக்கொடுங்க” என்றார்.

எண்டாஸ்கோப்பிக்கு வருகிறவர்களுக்கு

பயப்படுகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்லுகிறேன். விரல் பருமன்கூட இல்லாத வளையும் குழாய் அது. நுனியில் விளக்கும் சிறு காமிராவும் இருக்கும். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தெளித்து, இடது பக்கமாகப் படுக்கவைத்து வாய் வழியாக உள்ளே விடுவார்கள். ஐந்து பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். குமட்டும், வலிக்காது. மூச்சுக்குழாய் வேறு, இது வேறு, ஆகவே மூச்சு தாராளமாக விடலாம். முந்தின இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும், காபியும் கூடாது. முடிந்தபின் தொண்டையின் மரப்பு போகும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, புரையேறும். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே துணைக்கு ஒருவர் வரட்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக் கூடாது.

பணமில்லை என்பதற்காக இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிற கூலி வேலைக்காரர்களுக்கு, பங்காளர்களாகிய உங்கள் காணிக்கைகளால் நடக்கும் ஏழை வியாதியஸ்தர் நிதியிலிருந்து செலவைக் கொடுக்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் சபையில், கஞ்சி மாத்திரம் குடித்து மெலிந்துவருகிற யாரேனும் இருந்தால் நிதியின் பெயரைச் சொல்லி அனுப்பிவையுங்கள். சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. ஓ.பி.யில் சீட்டு எழுதுகிற இடத்திலேயே கேட்டால் போதும். வரும்போது, இதுவரை கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளை, காலியானதாயிருந்தாலும் எறிந்துவிடாமல், ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள்.